மூன்று கொட்டேஷனில் ஒரு டிரில்

கல்யாணமாகி ஆறு மாதமாகியும் என் மனைவி என்னிடம் ஒரு முறைகூடச் சத்தமாகச் சண்டை போட்டதில்லை. காரணம் என் நல்ல குணம் அல்ல. கோல் மார்க்கெட் பக்கம் எங்களுக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இரண்டே அறைகள். நடுவில் வாசல் உண்டு, கதவு கிடையாது. முன்னறையில் என் சித்தப்பா மகன் வேலை தேடிக்கொண்டு படுத்திருந்தான். அந்த நாளில் தில்லியில் எந்தத் தமிழன் வீட்டு முன்னறையிலும் இப்படி ஒருவன் படுத்திருப்பான்.

"சண்ட போடணும்னாக்கூட ஒரு மறைப்பு வேணும்லா?" என்று அடுப்படியில் வைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒரு தெர போட்டுத் தாங்க. மூஞ்சியவாது சுளிச்சுக்கிடுதேன்."

துணியும் கம்பியும் மறுநாளே வந்துவிட்டன. வாசலுக்கு மேலே கான்கிரீட். அடித்த ஆணியெல்லாம் வளைந்தது. டிரில் மெஷின் வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய்க் கேட்டு வாங்கியிருப்பான். நான் ஆபீசில் கொள்முதல் பிரிவு குமாஸ்தா. மூன்று கொட்டேஷன் இல்லாமல் குண்டூசி வாங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. "கால் அங்குலத் துளை போடக்கூடிய மின்சார டிரில், ஒன்று" என்று தாளில் எழுதிக்கொண்டு சாவ்ரி பஜாரில் கடை கடையாக ஏறினேன். ஒரு கடைக்காரர் மட்டும் மரத்துக்கா, சுவருக்கா என்று இந்தியில் கேட்டார். கேட்டதற்கு ரேட் மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று விறைப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் ரேட்தான் ஆக அதிகம். அதனால் அவரை அங்கேயே நிராகரித்தேன். இப்படியே ஐந்து சனிக்கிழமை மத்தியானம் போனது.

ஆக மலிவான டிரில் வீட்டுக்கு வந்தது. ஸ்டூல்மேல் ஏறினேன். தம்பி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். மெஷின் அலறியது, புகைந்தது, துளைக்கும் பிட் சிவந்து முனை மழுங்கியது. கான்கிரீட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம். அது மரத்துக்கான டிரில். என் தாளில் சுவர் என்ற சொல்லே இல்லை.

எதற்கண்ணே இந்தத் திரை என்று கேட்டான் தம்பி. தூசி வருகிறது என்றேன். அவன் முன்னறையைப் பார்த்தான், பின்னறையைப் பார்த்தான். தூசி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

"எறங்குங்கண்ணே," என்றான். "கரோல் பாக் மெஸ்ல ஒரு எடம் இருக்காம். நான் அங்க போயிருதேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவனைத் தடுக்காமல் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, அதை நினைத்து இன்னும் வெட்கப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு அவன் பெட்டியோடு பஸ் ஏறினான். வழியனுப்பிவிட்டு வந்தேன். மனைவி தெருக்கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், இடுப்பில் கை வைத்தாள். டிரில்லில் ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளையை விரட்டியடித்தது என் கஞ்சத்தனம்தான் என்றாள். கல்யாணப் பந்தலில் என் அம்மா சொன்ன சொல்லுக்குப் போனாள். இத்தனை மாதத்தில் ஒன்றையும் அவள் மறந்திருக்கவில்லை. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கேட்கக் கேட்க, இது என் வீடுதான் என்று முதல்முறையாகத் தோன்றியது.

நடுவில் தொண்டை வறண்டு நின்றாள். நானே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.