மாடிக்கு விட்ட கம்பி

கருங்குழியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பிற்பாடு மாடி எழுப்ப உதவும் என்று தூண் கம்பிகளை நீட்டி விட்டிருந்தோம். தம்பியின் நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல் போட அவை இடைஞ்சலாம். பைப்பை மாட்டி அத்தனையையும் மடக்கிப் படுக்க வைத்தான் புது மாப்பிள்ளை.

கல்யாணத்துக்குள் மாடி வேண்டும் என்றான். கீழ்த்தளம் அவனுக்கும் வரப்போகிற பெண்ணுக்கும். மாடி எனக்கும் அம்மாவுக்கும். படி ஏறினால் அம்மாவின் மூட்டுவலிக்கு நல்லதாம். என்ன ஒரு கரிசனம்.

மேஸ்திரி கேஸ் சிலிண்டரோடு வந்தார். கம்பியைச் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தப் போகிறாராம். நான் வேண்டாம் என்றேன்.

"இன்னாம்மா, கம்பி என்ன மெழுகா? பழுக்கக் காச்சினா சொன்னபடி கேக்கும்" என்றார்.

கேட்கும். அதுதானே பயம். மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் துண்டுகளை மெருகேற்றி, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இரும்புக்குள்ளும் ரவை மாதிரி மணிகள் உண்டு. பொடியாக இருக்கிறவரை வலு. இந்தக் கம்பி ஆலையில் சிவக்கச் சூடாக வெளிவரும்போதே தண்ணீர் பீய்ச்சி மேல்தோலை இறுக்கியிருக்கிறார்கள். மறுபடி பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் அந்தத் தோலின் இறுக்கம் போய்விடும், மணியும் பெரிதாகிவிடும். அப்புறம் அது பார்க்கத்தான் கம்பி.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். வாஸ்துக்காரர் வாய் திறந்ததும் கட்டின படிக்கட்டையே இடித்தவன், "உன் ஃபேக்டரி கதைய அங்கியே வச்சிக்கோக்கா. வூடு கட்றது வேற" என்றான்.

"சரி, காய்ச்சிக்கோ. ஆனா மாடில நீயும் உன் பொண்டாட்டியும் இருங்க. நானும் அம்மாவும் கீழயே இருந்துக்கிறோம்" என்றேன்.

மடங்கிக் கிடந்த கம்பிகளைப் பார்த்தான். இன்னும் கூரை வராத இடத்தில், தன் தலைக்கு மேலேயும் ஒருமுறை பார்த்தான். பிறகு மேஸ்திரியிடம் மெதுவாக, "அண்ணாத்த, சிலிண்டர எட்த்துனு போ" என்றான்.

மடங்கியதை அறுத்துவிட்டு, தூணில் துளையிட்டு, கம்பியை இறுகப் பிடிக்கும் கெமிக்கல் ஊற்றிப் புதுக் கம்பி நட்டார்கள். மாடியில் இப்போது நானும் அம்மாவும்தான் இருக்கிறோம். தூண்களில் எந்தக் குறையும் இல்லை, நானே நின்று பார்த்தேன். அக்காவுக்கும் அம்மாவுக்கும் போதும் என்று அவன் நினைத்த கம்பி, தனக்கு என்றதும் போதவில்லை. அதை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.