பதினோராவது சைக்கிள்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பல்லடத்துக்கும் காரணம்பேட்டைக்கும் இடையில் நடந்தது. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கோவையில் ஒரு மோட்டார் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். வாரத்தில் ஆறு நாள் லேத் சத்தத்தில் கழியும். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் சைக்கிளில் கழியும்.

சைக்கிள் கிளப் என்று பெயர்தான் பெரிது. மொத்தம் பதினோரு பேர். கியர் வைத்த வண்டி ஒன்றுகூடக் கிடையாது, தினமும் வேலைக்குப் போகிற அதே கறுப்பு வண்டிகள்தான். விடிவதற்கு முன் சிங்காநல்லூரில் கூடி, காரமடையோ அவிநாசியோ எங்காவது கிராமப் பக்கம் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்புவோம். நான்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. விசில் என்னிடம் இருந்தது, அவ்வளவுதான்.

நிற்கிற இடத்திலெல்லாம் எண்ணிக்கை எடுப்பது என் வேலை. ஆட்களை எண்ணினால் சரிவராது. ஒருவர் டீக்கு நிற்பார், ஒருவர் பீடிக்கு ஒதுங்குவார், ஒருவர் புதர் மறைவில் இருப்பார். சைக்கிள் அப்படியில்லை, நிறுத்திய இடத்தில் நிற்கும். அதனால் நான் சைக்கிள்களைத்தான் எண்ணுவேன். இதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

எங்களில் ஒருவர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். ஐம்பத்து நான்கு வயது. சர்க்கரை நோய்க்கு டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னதால் வந்து சேர்ந்தவர். எப்போதும் கடைசியாகத்தான் வருவார். வழியில் ஒரு காளையையோ கிணற்று மேட்டையோ பார்த்தால் காலை ஊன்றி நின்றுவிடுவார். அவருக்காகக் காத்திருந்தே என் ஞாயிறுகளில் பாதி போனது என்று எனக்கு ஒரு கடுப்பு உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

அன்று விடியற்காலையில் அவர் வீட்டுக்குப் போய் நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் மனைவி வாசலுக்கு வந்து டிபன் டப்பா வைத்த பையை அவர் தோளில் மாட்டிவிட்டு, என்னிடம் சொன்னார்.

“ஏனுங்க, ஒரு மணிக்குள்ள இவுரு சாப்பிட்டாகோணுங்க. மாத்திர போட்டிருக்காரு. போன மாசம் இப்படித்தான் நேரத்துக்குச் சாப்பிடாம மயங்கி உழுந்துபோட்டாரு. நீங்கதான் பாத்துக்கோணும்.”

“நானாச்சுங்க” என்றேன். அவ்வளவு லேசாகச் சொன்னேன்.

பொங்கலூர் தாண்டி ஒரு தோட்டத்துக் கிணற்றில் குளியல். அதுவரைக்கும் காற்று முதுகைத் தள்ளியது, மிதித்ததே தெரியவில்லை. விவரம் தெரிந்தவன் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புவான். நான் கிணற்று ஆசை காட்டி எல்லோரையும் கிழக்கே ஓட்டிப் போயிருந்தேன். திரும்பும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முழுவதும் எங்கள் நெஞ்சில் அடித்தது. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருந்தது. கண்ணெல்லாம் மண். யாரும் யாரோடும் பேசவில்லை. பேச வாயைத் திறந்தால் அதற்குள்ளும் மண்.

பல்லடம் வந்தபோது மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. “பையை இங்க குடுங்க மாஸ்டர், பாரமாவது குறையட்டும்” என்று நானே அவர் தோளிலிருந்து கழற்றி என் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டேன். நல்லது செய்கிற நினைப்புதான். அதில் அவர் சீக்கிரம் வருவார் என்கிற சுயநலமும் இருந்தது. பிறகு தலையைக் குனிந்து மிதிக்க ஆரம்பித்தேன். முன்சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

சோமனூர் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் இறங்கினோம். தொடையெல்லாம் நடுங்கியது. சுவரில் சாய்த்திருந்த வண்டிகளை எண்ணினேன். பதினொன்று. சரி என்று பெஞ்சில் சாய்ந்தேன்.

எங்கள் கிளப்பில் தனிச் சாப்பாடு கிடையாது. எல்லா டப்பாக்களையும் திறந்து நடுவில் வைத்துவிடுவோம், யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். மாஸ்டர் பையிலிருந்த டப்பாவை நானே திறந்து வைத்தேன். சப்பாத்தியும் பச்சைப்பயறுக் கடைசலும். “மாஸ்டர், வாங்க” என்று ஒரு குரல் கொடுத்தேன். எங்காவது நிழலில் படுத்திருப்பார், வருவார் என்று யாரோ சொன்னார்கள். பசி அப்படி. கடைசல் அவ்வளவு ருசி. இரண்டு சப்பாத்தி நான் தின்றேன். டப்பா துடைத்தது போலக் காலியானது.

விசில் ஊதினேன். ஆளுக்கொரு வண்டியை எடுத்தார்கள். ஒரு வண்டி மட்டும் சுவரோடு நின்றது.

“மாஸ்டர் எங்கப்பா?” என்று கத்தினேன். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “அது என்ற வண்டிங்க” என்றார்.

பதினோராவதாக நான் எண்ணியது அவருடைய வண்டியை. அந்த மூன்று சொற்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன. மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது. மற்றவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன். இவ்வளவு நேரம் என்னைக் கொன்ற காற்று இப்போது பின்னாலிருந்து தள்ளியது. முக்கி முக்கி வந்த தூரம் அரை மணி நேரத்தில் ஓடியது. மறுபடி இதையே மிதித்துத் திரும்ப வேண்டுமே என்று அந்த நேரத்திலும் மனசு அலுத்துக்கொண்டதை மறைக்க விரும்பவில்லை. எங்காவது உட்கார்ந்து ஆட்டுக்குட்டியை வரைந்துகொண்டிருப்பார், நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

பல்லடத்துக்குச் சற்று முன்னால் அவருடைய வண்டி ரோட்டோரம் சாய்ந்து கிடந்தது. ஆள் இல்லை. காலையில் பையை மாட்டிவிட்ட அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதுதான் முதலில் தோன்றியது.

எதிரே ஒரு தறிக் குடோன். ஞாயிறு என்றாலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வெளியே வந்தார். நூல் சுற்றுகிற வேலை போலிருக்கிறது, தலைமுடியெல்லாம் பஞ்சு.

“சைக்கிள்காரரத் தேடி வந்தீங்களா? உள்ளதான் இருக்காரு, வாங்க.”

மாஸ்டர் நூல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு டம்ளர். நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அக்காதான் நடந்ததைச் சொன்னார். “தள்ளாடிட்டே வந்து உழுந்தாருங்க. குடிச்சிருக்காருன்னு எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க. கிட்டப் போனா வாடையே இல்லீங்க. எங்கப்பனுக்கும் சக்கர வியாதிங்க, இப்படித்தான் வேர்த்து ஊத்தும். அதான் அஸ்கா சக்கரயத் தண்ணில கலக்கிக் குடுத்தேன். அப்பறம் என்ற தூக்குப்போசில இருந்த ரசஞ்சோத்தப் போட்டேன், சாப்பிட்டாரு.”

பிறகு, குரலை உயர்த்தாமல், “உங்க வண்டி பத்தும் வரிசையாப் போனத நானும் வேடிக்க பாத்தனுங்க. ஒருத்தருகூடத் திரும்பிப் பாக்கலீங்களே” என்றார்.

அத்தனை ‘ங்க’ போட்டு என்னை யாரும் அப்படி அறைந்ததில்லை.

மாஸ்டர் என்னைப் பார்த்து, “உங்களுக்கு லேட் ஆயிப்போச்சுங்களா?” என்று கேட்டார். அப்புறம், “டப்பா கொண்டாந்தீங்களா?” என்றார்.

“நாங்க சாப்பிட்டுட்டோம் மாஸ்டர்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “கடைசல் நல்லா இருந்துச்சுங்களா?” என்றார். குத்திக் காட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த அக்கா ரோட்டில் இறங்கி ஒரு பஸ்ஸை நிறுத்திக் கொடுத்தார். இரண்டு சைக்கிளையும் பஸ் கூரையில் ஏற்றினார்கள். டீக்கடை அருகே நின்றிருந்தவர்களுக்கு ஜன்னல் வழியே கத்திச் சொன்னேன். மாஸ்டர் என் தோளில் சாய்ந்து சூலூர் வரை தூங்கினார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உடம்பில் வலிக்காத இடமில்லை.

வீட்டு வாசலில் அந்த அம்மா முதலில் பையைத்தான் வாங்கினார். டப்பாவைத் திறந்து பார்த்தார்.

“நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா?”

“நல்லாச் சாப்பிட்டேன்” என்றார் மாஸ்டர். என் பக்கம் திரும்பவே இல்லை.

காலி டப்பாவைப் பார்த்த அந்த அம்மாவின் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்லத் தெரியவில்லை. “நீங்க கூட இருந்ததாலதானுங்க. வீட்டுல இருந்தா இவுரு மிச்சம் வெக்காமச் சாப்பிட மாட்டாரு” என்று என்னிடம் சொல்லி, உட்காரவைத்துக் காப்பியும் கொடுத்தார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதமும் மாஸ்டர் வந்தார். டப்பா போன தடவையைவிடக் கனமாக இருந்தது. போன தடவை பத்தவில்லை போலிருக்கிறது என்று அந்த அம்மா இரண்டு சப்பாத்தி கூடுதலாக வைத்திருந்தாராம். பையை நான் வாங்கவில்லை. விசிலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து மாஸ்டருக்குப் பின்னால்தான் ஓட்டினேன். அவர் நின்றால் நானும் காலை ஊன்றி நின்றேன். அவர் பார்த்த காளைகளையெல்லாம் நானும் பார்த்தேன்.

மாஸ்டரும் போய்விட்டார், அவர் மனைவியும் போய்விட்டார். அந்த அம்மாவிடம் கடைசிவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. இப்போதும் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், இலையில் கை வைப்பதற்கு முன்னால், கூட வந்தவர்களில் யார் இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் என் கண் ஒவ்வொரு முகமாகத் தேடுகிறது.