ஃப்ரீசரில் இடம்

என் தம்பியோடு நான் போட்ட ஒரே சண்டை, ஃப்ரீசரில் இடம் கேட்டுத்தான். சண்டை என்றால் நான் மட்டும் போட்டது. அவன் அப்போது தார்நாகாவைத் தாண்டி ஒரு மருத்துவமனையில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். அவசரக்காரன், பத்து மாதம் நிறைவதற்குள் பிறந்துவிட்டான். நான் அவனைப் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்களாம். அப்பாவின் செல்போனில் ஒரு படம் இருந்தது, அதிலும் பாதிக்கு மேல் குல்லாதான்.

ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டு ஃப்ரீசர் அந்தக் கோடை முழுவதும் அவன் வசம் இருந்தது. அம்மா பம்ப் வைத்துப் பாலெடுத்து, சின்னச் சின்னப் பைகளில் மூடி, உறைய வைத்து அடுக்குவாள். அப்பா தினமும் காலையில் சில பைகளை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டுபோய் மருத்துவமனையில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நாச்சாரத்துக்கு ஃபேக்டரி வேலைக்குப் போவார். அவன் குடித்ததோ சொட்டுக் கணக்கில். பைகள் மட்டும் சேர்ந்துகொண்டே போயின. ஐஸ் தட்டு வெளியேறியது, பச்சைப் பட்டாணி வெளியேறியது. கரண்ட் போனால் மற்ற வீடுகளில் ஃபேனைப் பார்ப்பார்கள், நாங்கள் ஃப்ரிட்ஜைப் பார்ப்போம்.

எனக்கு எட்டு வயது. எனக்கு வேண்டியிருந்தது லெமன் பை. பள்ளித்தோழியின் பிறந்தநாளில் ஒரே ஒரு துண்டு தின்றுவிட்டு வந்ததிலிருந்து பித்துப் பிடித்து அலைந்தேன். அதற்கு ஓவன் வேண்டாம். பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெயில் பிசைந்து தட்டில் அமுக்கி, மேலே கண்டென்ஸ்டு மில்க்கும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஊற்றி உறைய வைத்தால் போதும். ஆனால் தட்டு சாயாமல் உட்கார ஃப்ரீசரில் ஒரு தளம் முழுவதும் காலியாக இருக்க வேண்டும்.

"கைக்கு ம்மா? ஒரே ஒரு ப்ளேட்தானே?" என்று தினமும் கேட்டேன். ஏன் என்பதற்கு எனக்கு அப்போது 'கைக்கு'தான் வாயில் வரும். வீட்டில் தமிழில் கேட்பார்கள், நான் தெருவில் பழகிய உருதுவிலோ தெலுங்கிலோ பதில் சொல்வேன். உதவிக்கென்று திருச்சியிலிருந்து வந்திருந்த சித்திக்கு அது பெரிய குறை.

கடைசியில் அம்மாதான் ஒரு வழி சொன்னாள். "தம்பி வீட்டுக்கு வரட்டும்டீ. அப்புறம் ஃப்ரீசர் முழுக்க உனக்குத்தான்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

அதற்குப் பிறகு நான் தம்பிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். என் காத்திருப்பில் பாசம் எவ்வளவு, லெமன் பை எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஆண்ட்டி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் இருட்டும்வரை டிவி பார்க்க விட்டாள். மறுநாள் காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பவில்லை. ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். சித்தி ஃப்ரீசரைத் திறந்து, கொஞ்சமல்ல, எல்லாப் பைகளையும் எடுத்து ஒரு கூடையில் போட்டாள்.

"அக்கா பாலையே கொண்டுபோங்க, அத்தான். கடைப் பால் வேணாம்" என்றாள். அப்பா கூடையை வாங்கிக்கொண்டார்.

எங்கே போகிறார்கள் என்று சித்தியிடம் கேட்டேன்.

"தம்பிக்குப் பால் ஊத்திட்டு வரப் போறாங்க" என்றாள்.

நான் அறிந்த தமிழில் பால் ஊற்றுவதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. டம்ளரில் ஊற்றுவார்கள், புட்டியில் ஊற்றுவார்கள், குடிப்பதற்காக. புதைத்த இடத்தில் மறுநாள் போய் ஊற்றுவதற்கும் அதே சொல்தான் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அத்தனை பாலும் போகிறதே, இன்றைக்கு அவனுக்கு நல்ல பசி போல என்றுதான் நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர்கள் போனதும் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று காலி. நேராக அம்மாவிடம் ஓடினேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ம்மா, இடம் வந்துடுச்சு. பை செய்யலாமா?"

"ஏய், வாயை மூடு!" என்று சித்தி பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"விடுடி அவளை. நான் சொல்லியிருக்கேன்" என்றாள்.

பிஸ்கட்டைத் துணியில் கட்டிச் சப்பாத்திக் கட்டையால் நான் இடித்தேன். அம்மா வெண்ணெயை உருக்கினாள். எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பிழிந்தாள். சாறு போதும் என்று சித்தி சொன்ன பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் ரவிக்கை முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. சாறு தெறித்துவிட்டது என்று நான் ஒரு துணியை எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கி மார்போடு அழுத்திக்கொண்டாள். சித்தி பால்கனிக்குப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி சாப்பாடு கொண்டுவந்தாள். எனக்குச் செய்தியை அடக்க முடியவில்லை. "ஆண்ட்டி, தம்முடு இண்டிக்கி ஒஸ்துன்னாடு!" என்றேன், தம்பி வீட்டுக்கு வருகிறான் என்று. அவள் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர்கள் சந்தோஷம் வந்தாலும் அழுவார்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

மத்தியானம் அப்பா காலிக் கூடையோடு திரும்பி, நேராகக் குளிக்கப் போனார். சாயங்காலம் பை உறைந்துவிட்டது. மேலே மெல்லிய பனி பூத்து, கத்தி இறங்கவே சிரமப்பட்டது. அப்பாவும் பெரியப்பாவும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஒரு வாய் தின்றாள். "நல்லா வந்திருக்குடீ" என்றாள்.

எனக்குப் பல் கூசியது. புளிப்பு அதிகம். அவ்வளவு சாறு விட்டால் வேறெப்படி இருக்கும்? ஆனால் குறை சொல்லும் மனநிலையில் நான் இல்லை. தம்பிக்கென்று ஒரு சின்னத் துண்டு வெட்டிக் கிண்ணத்தில் வைத்து ஃப்ரீசருக்குள் தள்ளினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

அந்தக் கிண்ணத்தை யாரும் எடுக்கவும் இல்லை. அம்மாவுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. என்ன நடந்தது என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. இப்போதும் எங்காவது எலுமிச்சம்பழம் பிழியும் வாசனை வந்தால் எனக்குத் துணி எடுத்துக்கொண்டு ஓடவேண்டும்போல் இருக்கிறது.

அன்று இருட்டும்வரை நான் பால்கனியில்தான் நின்றிருந்தேன். கீழே ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் எட்டிப் பார்த்தேன். அம்மா வாக்கு மாறாதவள். முதலில் தம்பி வருவான், அப்புறம் ஃப்ரீசர் உனக்கு என்று சொல்லியிருந்தாள். வரிசைதான் கொஞ்சம் மாறிப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.