நாற்பதாவது மிளகாய்

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த மலையில் முதன்முதலாகச் சமூக ஆய்வு நடத்தியவள் அவள்தான் என்று யாரிடமும் நான் வாதாடுவேன். பட்டம் வாங்கியவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

1912இல் ஒரு மழை நாள். மலையில் கட்டியிருந்த சேலைத் தொட்டிலில் கிடந்த அவள் மகன் கணபதியின் மூக்கில் அட்டை ஏறிவிட்டது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தபின் பிறந்தவன் அவன். அட்டையை எடுத்த கையோடு அவள் துரையிடம் போய், வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளைக் காம்பரா வேண்டும் என்றாள். நாற்பது பிள்ளைகள் இருந்தால் கட்டித் தருவதாகத் துரை சொன்னார்.

கணக்கப்பிள்ளை, தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கெல்லாம் எண்ணப் போனார். எண்ணினால் கண் பட்டுவிடுமே! ஐந்து பெற்றவள் ஒன்று என்றாள். பெரியாயி இரட்டைப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே, தனக்குப் பிள்ளையே இல்லை என்று சாதித்தாள். மொத்தம் பதினொன்று. துரை சிரித்தார். அங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் திருஷ்டி கழிக்கப் போவதாக அவள் சொல்லிவிட்டாள். தலைக்கு ஒரு காய்ந்த மிளகாய். எந்தத் தாய் ஒரு பிள்ளையை விட்டுவைப்பாள்? லயமே திரண்டது. பெரியாயி மூன்று மிளகாயோடு வந்தாள். மூன்றாவது, வயிற்றில் இருப்பதற்கு. அவள் புருஷனுக்கே அப்போதுதான் தெரியும். அதைக் கணக்கப்பிள்ளை தள்ளிவிட்டு, அங்கம்மா வரவழைத்திருந்த துரைக்கு முன்னால் சுளகில் கிடந்தவற்றை எண்ணினார். முப்பத்தொன்பது.

ஒன்று குறைகிறது என்று துரை குதிரைப் பக்கம் திரும்பினார்.

அங்கம்மாவின் முந்தானை முடிச்சில் ஒரு மிளகாய் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் எண்ண வைத்தவள், தன் பிள்ளையை ஒளித்து வைத்திருந்தாள். பயம்தான். அதைவிட வெட்கம். முடிச்சை அவிழ்த்தாள்.

"எம் மகனையும் சேத்துக்கங்க, தொரை."

அவன் தலையைச் சுற்றி, நாற்பதையும் நெருப்பில் கொட்டினாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் இருமியவர் துரை. பிறகு கணக்கப்பிள்ளை தும்மினார், குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, லயம் முழுக்க இருமிக்கொண்டே சிரித்தது. எல்லாரையும் விடப் பலமாக இருமியவன் கணபதி. அவன் இருமுவதைக் கேட்டு அங்கம்மாவுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.