ஒரு நாள் மட்டும் தெளிந்த ஓடை

எங்கள் ஊர் பீங்கான் ஜாடிக்குப் பேர்போனது. ஜாடியில் சேராத மிச்சமெல்லாம் ஓடையில் சேரும். மேட்டில் இருக்கும் பட்டறை, மண் கழுவிய தண்ணீரையும் ஜாடிக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் தொட்டி கழுவிய தண்ணீரையும் அப்படியே திறந்துவிடுவதால், மணிமுத்தாற்றில் கலக்கும் வரை ஓடை மோர் மாதிரி ஓடும். அதன் கரையில்தான் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, நிலம். நாற்றங்காலில் மழைத் தண்ணீரிலேயே நாற்று விரல் உயரம் வந்திருந்தது. இந்தத் தண்ணீர் பாய்ந்தால் வெள்ளை ஏடு படிந்து நாற்று மூச்சுமுட்டிச் சாகும். போன பட்டத்தில் அப்படித்தான் செத்தது.

நாலு புத்தகம் படித்தவன் என்பதால் புகார் எழுதும் வேலை எனக்கு வந்தது. அபாரமான தமிழில் எழுதினேன். பதிலே இல்லை. சாதாரணத் தமிழில் எழுதிய பிறகு, வியாழக்கிழமை வந்து சோதனைக்குத் தண்ணீர் எடுப்பதாக மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி போன் செய்தார். மச்சானிடம் சொன்னேன்.

வியாழன் காலை போய்ப் பார்த்தால், ஊர் மாறி வந்துவிட்டேனோ என்று சந்தேகம். கரையெல்லாம் செதுக்கியிருந்தது. பாதையின் இரு பக்கமும், மந்திரி வருவதுபோல, பிளீச்சிங் பவுடர் கோடு. ஓடையில் அடி மணல் தெரிந்தது.

“என்னய்யா பண்ணி வெச்சிருக்க?”

“ஆபீசர் வராருல்ல மாமா, சேத்துலயா நிக்க வைக்கிறது? ஆள் வுட்டு வழிச்சிட்டேன்.”

“தண்ணி எப்படித் தெளிஞ்சுது?”

“பட்டறைல நாந்தான் போயி சொன்னேன். ஆபீசர் வராரு, ஒரு நாளைக்கு மட்டும் வுடாதீங்கன்னு. ஒரே வார்த்தைல நிறுத்திட்டாங்க. நல்ல மனுசங்க மாமா!”

 என் வாயில் வந்ததை அச்சில் ஏற்ற முடியாது.

அதிகாரி பாட்டிலில் தண்ணீர் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

“இதுல என்னங்க குறை? எங்க ஆபீஸ் தண்ணியவிட நல்லாருக்குது.”

“நேத்து வந்திருக்கணும் சார்.”

“எங்க போனாலும் இதத்தாங்க சொல்றாங்க” என்றவர், மச்சான் வெட்டிய இளநீரைக் குடித்துவிட்டு ஜீப் ஏறினார்.

தெளிந்த தண்ணீரைப் பார்த்த குஷியில் மச்சான் அன்று மாலை நாற்றங்காலுக்கு மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். தேக்கி வைத்திருந்ததையும் சேர்த்துப் பட்டறை ஒரேயடியாகத் திறந்தது. விடிந்தபோது நாற்றங்கால் சுண்ணாம்பு அடித்த தரை மாதிரி கிடந்தது.

“இனிமே வுடவே மாட்டாங்கன்னு நெனச்சிட்டேன் மாமா.”

மறுபடி விதை விட்டிருக்கிறார். பக்கத்துக் கொல்லை போர்வெல் தண்ணீரைக் கெஞ்சி வாங்கிப் பாய்ச்சுகிறார். அது எத்தனை நாளைக்கு என்று அவருக்கே தெரியாது. நானும் மறுபடி புகார் எழுதி, அதிகாரியிடம் நாள் வாங்கிவிட்டேன். “எப்ப மாமா வராரு?” என்று மச்சான் தினமும் கேட்கிறார். தெரியாது என்கிறேன். காலையில் முதல் வேலையாக ஓடைக்குப் போய்ப் பார்க்கிறேன். தண்ணீர் வெள்ளையாக ஓடினால்தான் நிம்மதியாக டீ குடிக்க முடிகிறது.