துரோகி வாசல் இறங்கு

நாற்பத்தொன்பது வயதில், ஒரே ஊரைச் சுற்றிச் சுற்றி அவள் நடந்திருப்பது ஏறக்குறைய ஆறாயிரம் கிலோமீட்டர். கணக்குப் போட்டுச் சொன்னது அவள் கணவர். அவர் டவுன் பஸ் கண்டக்டர். "செக்குமாடுகூட நடுவுல லீவு கேக்கும்டி, நீ கேக்க மாட்ட" என்பது அவருடைய பழைய கிண்டல்.

ஊரில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். கையில் மைக் வைத்துக்கொண்டதே இல்லை, தேவைப்படவும் இல்லை. ஊரைச் சுற்றிய பழைய மதிலின் கிழக்கு வாசலில் நின்று "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டால், மதிலின் மறுபக்கம் துணி உலர்த்துகிற பெண்கள்கூட "வந்தாச்சு" என்று பதில் சொல்வார்கள்.

மதிலுக்குப் பக்கத்தில் சுற்றுலா அலுவலகம் ஒன்று இருக்கிறது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் பெரிய வரைபடம். 'சுலப நடைகள்' என்று மூன்று வழிகளை அவர்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று மதிலைச் சுற்றி. இன்னொன்று வெளியே குளக்கரையோடு. மூன்றாவது, பழத்தோட்டங்கள் வழியாக எதிர்க்குன்றின் அடிவாரம் வரை போய், அங்கிருந்து முழு ஊரையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டுத் திரும்புவது. மூச்சு வாங்குகிறவர்களும் குழந்தையைத் தூக்கி வருகிறவர்களும் நடக்கலாம். வழிகாட்டி அவள்தான். அவள் கையில் மடக்கிய மஞ்சள் குடை ஒன்று இருக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால் நடக்க வேண்டும், இறக்கினால் நிற்க வேண்டும்.

கூட்டத்தை மேய்ப்பது அவளுக்குக் கைவந்த கலை. மெதுவாக நடப்பவரைப் பின்னால் விடமாட்டாள். தன் பக்கத்திலேயே பேச்சுக் கொடுத்து வைத்துக்கொள்வாள், மொத்தக் கூட்டமும் தானாக அந்த வேகத்துக்கு வந்துவிடும். நிழல் இல்லாத இடத்தில் கதை சொல்ல மாட்டாள். கடைசி ஆள் வந்து சேரும்வரை முக்கியமான வாக்கியத்தை வாயிலேயே வைத்திருப்பாள். அந்த இடைவெளியில்தான் அவளுடைய பிழைப்பே இருந்தது.

மதில் நடையில் வடக்குப் பக்கம் மட்டும் சப்பென்று இருக்கும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் புதர் மண்டிய பழைய அகழி. சிற்பம் இல்லை, கோபுரம் இல்லை. நடுவில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு சின்ன மரக்கதவு. அந்தக் காலத்தில் ஊர் அடுப்புகளின் சாம்பலை அதன் வழியாக வெளியே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பெயரே சாம்பல் வாசல்தான்.

எட்டு வருடங்களுக்கு முன், வேலையில் சேர்ந்த புதிதில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்த இடத்தில் கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். கொட்டாவி ஒட்டுவாரொட்டி, வரிசையாக நாலைந்து வாய்கள் திறந்தன. "இது என்ன வாசலுங்க?" என்று யாரோ மரியாதைக்குக் கேட்டார்கள். "சாம்பல் வாசல்" என்றாள். ஒரு கேமராகூட மேலே எழவில்லை.

"அது மட்டும் இல்ல" என்று தன் குரலே தொடர்வதைக் கேட்டாள். "ஊரை எதிரி சுத்தி வளைச்சிருந்த நேரம். இந்தக் கதவோட சாவி ஒரே ஒரு காவல்காரன்கிட்டதான் இருந்துது. அவன் என்ன பண்ணான் தெரியுமா?" நிறுத்தினாள். கடைசி ஆள் வந்து சேர்ந்தார். "உள்ளேயிருந்து திறந்து விட்டுட்டான்."

கேமராக்கள் எழுந்தன.

அடுத்த வாரம் காவல்காரன் கையில் ஒரு விளக்கு வந்தது. அடுத்த மாதம் அவனுக்கு ஒரு மனைவி வந்தாள், அவள் அழுதாள். வருடம் முடிவதற்குள் வாசலுக்கே புதுப் பெயர் வந்துவிட்டது: துரோகி வாசல். பயணிகள் எழுதினார்கள், அதைப் படித்தவர்கள் எழுதினார்கள், அலுவலகத்தின் வலைத்தளத்தில் ஏறியது. போன வருடம் அந்தப் பக்கத்து பஸ் நிறுத்தத்துக்கு நகராட்சி பலகை வைத்தபோது அந்தப் பெயரையே எழுதிவிட்டது. அவள் கணவர் அன்று வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கூவிக் காட்டினார்: "துரோகி வாசல் எறங்கு! துரோகியெல்லாம் எறங்கு!" அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

கதையின் முடிவுக்கு அவளுக்கு ஓர் ஆள் துணை இருந்தார். கதவின் உட்பக்கம், மதிலோடு ஒட்டி ஒரு பூட்டுக்கடை. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக அதே இடம். அதற்கும் முன்னால் யார் இருந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நகராட்சி அந்தக் கதவின் சாவியைப் பூட்டுக்காரரிடம்தான் கொடுத்து வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடை வெளிப்பக்கமாக வந்து அங்கே நிற்கும். மைக்கம்மா கதையை முடித்துவிட்டுக் கதவை மூன்று முறை தட்டுவாள். "இன்னைக்கும் திறக்கறானான்னு பார்ப்போம்!" உள்ளேயிருந்து பூட்டுக்காரர் திறப்பார். கூட்டம் ஓவென்று சிரிக்கும். அவரும் சிரிப்பார். "வாங்க, குனிஞ்சு வாங்க, தலை இடிக்கும்" என்பார்.

அவருக்கும் அது பிடித்திருக்கிறது என்றே அவள் நினைத்திருந்தாள்.

கெட்ட மனிதரும் இல்லை அவர். அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, உள்தாழ்ப்பாளோடு கிடந்த அன்று, சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடி வந்து கதவைத் திறந்து கொடுத்தவர்.

போன வியாழக்கிழமை அலுவலகப் பீரோவுக்கு மாற்றுச் சாவி வெட்ட அவள் அந்தக் கடைக்குப் போனாள். பாதிக் கடை பெட்டிகளுக்குள் இருந்தது. மேசைக்குப் பின்னால் சுவரில், அவர் தாத்தாவின் படம் மாட்டியிருந்த இடத்தில், வெளிறிய சதுரம் ஒன்று மட்டும் தெரிந்தது.

"என்னண்ணா, வெள்ளையடிக்கப் போறீங்களா?"

"காலி பண்றேன்மா. தெற்கு வாசல்ல, மார்க்கெட் பின்னாடி ஒரு இடம் கிடைச்சிருக்கு."

"ஏன்? இங்க நல்லாத்தானே போய்ட்டிருந்துது?"

அவர் சாவியை இயந்திரத்தில் பொருத்தினார். அது கிறீச்சிட்டு ஓய்ந்ததும் சொன்னார்: "பலகை வச்சாங்க இல்ல, அதுலேர்ந்துதான். சாவி வெட்ட வர்றவங்க எல்லாருக்கும் ஒரே தமாஷு. 'அண்ணே, எனக்கு ஒண்ணு வெட்டுங்க போதும், எதிரிக்கு ஒண்ணு வெட்டிடாதீங்க.' நானும் சிரிச்சேன். அப்புறம் பார்த்தா தமாஷு வருது, ஆளு வரலை. சொல்லி என்ன பண்றது, நம்பிச் சாவி குடுக்கற தொழிலாச்சே."

அவளுக்குக் காது சூடானது.

"உங்களை ஒண்ணு கேக்கணும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். கடையில் வேறு யாரும் இல்லை. "நீங்க சரித்திரம் தெரிஞ்சவங்க. அந்தக் காவல்காரன்... எங்க ஆளா இருக்குமோ? எங்களைத் தவிர இந்தக் கதவு பக்கத்துல யாரும் இருந்ததில்லை. சாவியும் எங்ககிட்டதான். பசங்க கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

சொல்லிவிடலாம். அண்ணா, அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை. அவன் என் நாக்கில் பிறந்தவன். இவ்வளவுதான். மதில் அதிரப் பேசுகிற வாய் அது.

"தெரியலண்ணா" என்றாள். "ரொம்பப் பழைய விஷயம்."

அவர் தலையாட்டினார். வெட்டிய சாவியை ஊதித் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அது இன்னும் சுட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது தவளை, கெட்டது பக்கத்து வீட்டுக்காரர். அவள் குடையை அங்கேயே மறந்துவிட்டு வெளியே வந்தாள். திரும்பிப் போய் எடுக்கக் கூசியது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அந்த ஆளு நம்பிட்டாரா?"

"நம்பினது மட்டுமா. அவமானப்பட்டுக்கிட்டிருக்காருங்க. இல்லாத ஒருத்தனுக்காக."

"உன் வாய்ல பொறந்துது, என் வாய்ல வளந்துது" என்றார் கண்டக்டர். "ஒரு நாளைக்குப் பத்து ட்ரிப் கத்தறேன்டி. அவரு கடை வாசல்ல நின்னுக்கிட்டு."

"நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லிடறீங்களா?"

"நல்லா இருக்கே! விதைச்சது நீ, அறுக்க நானா?"

"எல்லார் எதிரிலயும் சொன்னாத்தான் அது சொன்னதாகும். அப்படிச் சொன்னா என் வேலை என்னங்க ஆகும்? கதை விடறவன்னு பேர் வாங்கிட்டா, நாளைக்கு நெஜமா நடந்ததைச் சொன்னாலும் எவன் நம்புவான்?"

விளக்கை அணைத்த பிறகு, "குடையை எங்க காணோம்?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குடை இல்லாமலே நடையைத் தொடங்கினாள். கிழக்கு வாசல், காவல் மேடை, குளத்துக்குத் தண்ணீர் போகிற மதகு. எல்லா இடத்திலும் சரியாகப் பேசினாள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு, 'இது உண்மைதானே?' என்று தனக்குள் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வடக்குப் பக்கம் வந்ததும் நடையை மெதுவாக்கினாள். கதவுக்கு முன்னால் கூட்டம் தானாகவே அரைவட்டமாக நின்றது. கேமராக்கள் ஏற்கெனவே மேலே இருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் பூட்டுக்காரர் கையில் சாவியோடு, மூன்று தட்டலுக்காகக் காத்திருப்பார். எட்டு வருடமாக ஒவ்வொரு சொல்லும் அந்தப் பலகை இடுக்கு வழியாக அவர் காதில் விழுந்திருக்கும். அது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

"இது சாம்பல் வாசல்" என்றாள். "ஊர் சாம்பலை இது வழியாத்தான் கொட்டினாங்க. துரோகி, காவல்காரன்னு நீங்க படிச்சதெல்லாம் பொய். யாரும் யாருக்கும் திறந்து விடலை. ஒரு நாள் கூட்டம் தூங்கி விழுந்துது, நான் இட்டுக்கட்டினேன். தப்பு என்னோடது."

கூட்டம் சிரித்தது.

"நல்லா நடிக்கறாங்க" என்று ஓர் இளம்பெண் தன் தோழியிடம் சொன்னாள்.

"நடிப்பு இல்லம்மா. நெஜமாத்தான் சொல்றேன்."

தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார். "இல்லைங்க, நீங்கதான் தப்பாச் சொல்றீங்க. நான் படிச்சுட்டு வந்திருக்கேன். அவன் கையில ஒரு விளக்கு இருந்துது. அவன் சம்சாரம்கூட அழுதாங்க."

"அந்த அழுகையும் என்னோடதுதான் சார்."

"அப்ப வலைத்தளத்துல போட்டிருக்கே?"

தான் பெற்ற பொய்யே தொப்பி போட்டுக்கொண்டு தன்னிடம் வாதாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உச்சி வெயிலில் உடை இல்லாமல் நிற்பதுபோல் இருந்தது. "கதவைத் தட்டுங்கம்மா" என்றார் யாரோ. அவள் தட்டவில்லை. தட்டக் கை வரவில்லை.

நெடுநேரம் போலத் தோன்றிய பிறகு, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விலகியது. பூட்டுக்காரர் கதவைத் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை.

"வாங்க. குனிஞ்சு வாங்க, தலை இடிக்கும்."

"பாருங்க, திறந்து விட்டுட்டாரு!" என்றார் தொப்பிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை பூட்டுக்காரர் சிரிக்கவில்லை.

கடைசி ஆளாக அவள் குனிந்து நுழைந்தாள். நிமிர்ந்தபோது அவர் முகம் எதிரே இருந்தது.

"எட்டு வருஷமாவாம்மா?"

"ஆமாண்ணா."

"அன்னைக்குக் கடையில நேராக் கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"நாக்கு வரலண்ணா."

"மத்ததுக்கெல்லாம் வந்துது" என்றார் அவர். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். "எங்க தாத்தா படத்தைக் கழட்டிப் பரண்ல போட்டு வச்சிருக்கேன். முகம் சுவத்துப் பக்கம். பசங்க பார்க்க வேண்டாம்னு."

மன்னிப்பு என்ற சொல்லை மேடைப் பேச்சாக எத்தனையோ முறை பயன்படுத்தியிருக்கிறாள், தாமதத்துக்கு, மழைக்கு. அது அந்த இடத்தில் எடுபடாது என்று தெரிந்தது. அவர் கடைக்குள் போய் அவளுடைய மஞ்சள் குடையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு கதவுச் சாவியையும்.

"நகராட்சியில சொல்லிட்டேன். இனிமே நீங்களே வச்சுக்குங்க."

மறுநாள் அவள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலை போகவில்லை, அது ஒரு விதத்தில் இன்னும் கூச்சமாக இருந்தது. வலைத்தளத்தில் அந்தப் பத்தியை நீக்கியாயிற்று. பஸ் நிறுத்தப் பலகையை மாற்ற நகர்மன்றத்தில் தீர்மானம் வேண்டுமாம். கண்டக்டர் அதற்குக் காத்திருக்காமல் "சாம்பல் வாசல் எறங்கு" என்று கூவிப் பார்த்தார். யாரும் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் அவரைத் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.

பூட்டுக்கடை புதன்கிழமை தெற்கு வாசலில் திறந்தது. தாத்தாவின் படம் மேசைக்கு மேலே மாட்டியிருப்பதைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று அவள் பார்த்தாள். உள்ளே போகவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கதவை உள்ளேயிருந்து திறக்க இப்போது ஆள் கிடையாது. அதனால் அன்று காலை, கூட்டம் வருவதற்கு முன் அவளே போய்த் திறந்து வைக்க வேண்டும்.