ஆர்க்கிட் மேடம்

மந்தைவெளியில் நான் போகும் பார்லர்காரம்மாவுக்குத் தன் புருவம் மட்டும் காடு. பல்லில் கடித்த நூலை எடுக்காமலே பேசுவார். எல்லோரும் அவருக்கு மேடம்தான். அவரது கண்ணாடியருகே ஓர் ஆர்க்கிட் உண்டு. எத்தனை முறை துடைத்தாலும் அதில் மாவுப்பூச்சி திரும்ப வரும்.

அன்று எனக்கு ஒரு புருவம் முடிந்திருந்தது. “கொஞ்சம் எரியும், பொறுத்துக்கோங்க மேடம்” என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நூல் வரவில்லை. திறந்து பார்த்தால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஆர்க்கிட்டின் இலையிடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என் புருவம்?” என்றேன்.

“அது எங்க போவப்போவுது மேடம்? இதுங்கள இப்ப வுட்டா மொட்டுல ஏறிக்கும்.”

போன வாரம் அந்த மொட்டு விரிந்திருந்தது.

“சூப்பரா கீறீங்க மேடம்” என்றார்.

நன்றி சொல்லுமுன், அவர் யாரைப் பார்க்கிறார் என்று கண்ணாடியில் தேடினேன்.